லேத்துக்கு டிரிப் போட்ட கதை

யூடியூப்ல ஒரு வீடியோ பாத்து வயிறெரிஞ்சு போய் இதை எழுதுறேன்.

வெளிநாட்டுக்காரர் ஒருத்தர். வீட்டு கார் ஷெட்டுல மேசை லேத் வெச்சிருக்கார். சூட்டைத் தணிக்கிற கூலண்ட் குழாயைத் திறந்து விடுறார், வெள்ளை வெளேர்னு கொட்டுது. சீவி விழுற சுருளையெல்லாம் வேக்குவம் கிளீனர் வெச்சு உறிஞ்சுறார். தரையில ஒரு பொட்டு எண்ணெய் இல்ல. கடைசியில சிரிச்சுக்கிட்டே, லேத்தைச் சுத்தமா வெச்சுக்கிறது ரொம்ப சுலபம்ங்கிறார்.

ஏன் சார் சுலபமா இருக்காது? உங்க ஷெட்டு ஜன்னலைத் திறந்தா உப்பளமா தெரியுது?

(லேத்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு: சக்குல கம்பியைப் பிடிச்சுச் சுத்த விட்டு, டூலை வெச்சுச் சீவுற மெஷின். நம்ம ஊர்ல கடைசல் பட்டறைன்னு போர்டு போட்டிருக்குமே, அங்க இருக்கிறது அண்ணன். என் மாடி ஷெட்டுல இருக்கிறது கடைக்குட்டித் தம்பி. அரைக் குதிரைசக்தி மோட்டார். பகல்ல வேற பொழப்பு. சாயந்திரம் பித்தளைப் பம்பரம், பேனா உடம்பு, தோணி மாடலுக்குக் குட்டிக் கப்பி, இதெல்லாம் கடையுறேன். காசு வராது. மனசு நெறையும்.)

எண்ணெயும் சுருளும் எல்லா ஊர் லேத்துலயும் உண்டு. தூத்துக்குடியில மூணாவதா உப்புன்னு ஒருத்தர் வந்து உக்காந்துக்குவார். சாதா உப்பு, காத்துல ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினா தானா தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அதுக்கு 33 சதவீதமே போதும். அப்படின்னா கொண்டல் காத்துல வந்து பெட் (லேத்தோட அடித்தண்டவாளம்) மேல உக்கார்ற உப்புத் தூசி, காயுற நேரமே அபூர்வம். அது மேல ஒரு கைப்பிடி இரும்புச் சுருள் விழுந்து ராத்திரி முழுக்கக் கெடந்தா? காலையில சுருளைத் தட்டிவிட்டுப் பாருங்க. அது கெடந்த அதே வளைவுல, அதே நெளிவுல, பெட் மேல காவிக் கோடு வரைஞ்சிருக்கும்.

சரி, கூலண்ட் ஊத்தினா துரு வராதேன்னு கேப்பீங்க. அதுல துரு தடுக்கிற மருந்தெல்லாம் கலந்துதான விக்கிறாங்க?

ஊத்திப் பாத்தாச்சு. சர்வோகட் எஸ். எல்லாப் பட்டறையிலயும் ஓடுற கரையுற எண்ணெய். 20 பங்கு தண்ணிக்கு 1 பங்கு. (தண்ணியில எண்ணெயை ஊத்திக் கலக்கணும். எண்ணெயில தண்ணியை ஊத்தினா கொழகொழன்னு நின்னுரும்.) ஏர் கூலர் பம்ப் ஒண்ணை வாளியில போட்டு, டியூப் மாட்டி, ஏற்பாடெல்லாம் அமர்க்களமாத்தான் இருந்துச்சு.

தண்ணிதான் சொதப்பல். எங்க வீட்டு போர்த் தண்ணியில துணி சோப்பே நுரைக்காது. அதை ஊத்திக் கலக்கினதும், கொஞ்ச நாள்ல பால் திரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் கூலண்ட்ல இருக்கிற சோப்பைப் பிடிச்சுக் கட்டியாக்கிடும். எண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்கும். பம்ப் அடியில இருக்கு பாருங்க, அது இழுத்து லேத் மேல ஊத்துறது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணி. அதுவும் மோட்டார் வெச்சு!

வல்லநாட்டுல இருந்து வர்ற தாமிரபரணித் தண்ணியில அழகா கலக்கும். ஆனா குழாய்த் தண்ணி வர்ற அன்னைக்கு அதுல ஒரு குடம் எடுத்து லேத்துக்கு ஊத்துங்க பாப்போம். அப்புறம் சோறு லேத்துதான் போடணும்.

அதோட நம்ம லேத் தினமும் ஓடுறதில்ல. அப்பப்ப மட்டும் ஓடுற லேத்துல கூலண்ட் அப்படியே தேங்கி நிக்கும். மேல எண்ணெய்ப் படலம் மூடிக்கிட்டா உள்ள காத்து போகாது; காத்து வேண்டாத கிருமிங்களுக்கு அது சொர்க்கம். வாளியைத் திறந்தா அழுகின முட்டை வாடை. மாடியில காயப்போட்ட துணி வரைக்கும் போகும் அந்த வாடை.

மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் விசைப்படகுகளுக்குப் புரொப்பல்லர் ஷாஃப்ட் கடையுற அண்ணாச்சி ஒருத்தர். அவர்கிட்ட போய் இதைச் சொன்னேன். சுத்திக்கிட்டு இருந்த ஷாஃப்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"தம்பி, உன் மிஷினு குடிக்கதுக்குப் பொறந்தது இல்ல. நக்க விடு, போதும்."

அவ்வளவுதான். நான் சொல்ல வர்ற விஷயமும் அவ்வளவுதான். குட்டி லேத்துக்கு எண்ணெய் சொட்டுக் கணக்குல போதும். சொட்டா விட்டீங்கன்னா, அதைப் பிடிக்கிற தட்டு, தடுக்கிற தகடு, வடிகட்டுற சல்லடை எல்லாமே சின்னதாயிடும்.

பெரிய லேத்துக்கு இது பொருந்தாது, அதையும் சொல்லிடணும். அமெரிக்காவுல பிரெடரிக் டெய்லர்னு ஒருத்தர், உலோகம் வெட்டுறதைப் பத்தி வருஷக்கணக்கா சோதனை பண்ணி 1906-ல ஒரு பெரிய உரை வாசிச்சார். வெட்டுற இடத்துல தண்ணியைக் கொட்டினா வேகத்தை 40 சதவீதம் வரைக்கும் கூட்டலாம்னு காட்டினவர் அவர். துரு பிடிக்காம இருக்கத் தண்ணியில சோடாவைக் கலந்து விட்டிருக்கார். ஆனா அவர் சீவினது ரயில் சக்கரச் சாமான் மாதிரி பெரிய சரக்கு. நான் அரை மில்லிமீட்டர் சீவுறேன். வெட்டுறப்ப வர்ற சூட்டுல பெரும்பங்கு சுருளோடவே வெளிய போயிடும். மிச்சத்துக்குச் சொட்டு எண்ணெய் தாராளம்.

இப்ப டிரிப்புக்கு வாரேன்.

மெடிக்கல்ல போய் குளுக்கோஸ் ஏத்துற டிரிப் செட் ஒண்ணு கேட்டேன்.

"யாருக்கு அண்ணாச்சி முடியல?"

"லேத்துக்கு."

அவர் மேற்கொண்டு ஒண்ணும் கேக்கல. ஒரு மாதிரி பாத்துட்டு எடுத்துக் குடுத்தார்.

(புதுசுதான் வாங்கணும். ஆஸ்பத்திரியில கழிச்சுப் போட்டதைத் தொடவே கூடாது. விலையும் ஒண்ணும் பெரிசில்ல.)

அந்தச் சின்ன உருளை இருக்கு பாருங்க, டியூப்பை நசுக்கிச் சொட்டைக் கூட்டிக் குறைக்கிறது, அதுக்காகவே அந்த செட்டுக்குக் கோயில் கட்டலாம். மேல ஒரு பழைய எண்ணெய் பாட்டிலைக் கவுத்துக் கட்டினா வேலை முடிஞ்சுது. ஆனா அப்படியே மாட்டினா ஓடாது. சொட்டு விழுற அறைக்கு அடியில ஒரு சின்ன வடிகட்டி வலை இருக்கும். குளுக்கோஸ் தண்ணிக்கு அது சரி, கட்டிங் ஆயிலுக்கு அடைச்சுக்கும். அதை வெட்டி எடுத்துடணும். எண்ணெய் ரொம்பக் கெட்டியா இருந்தா கொஞ்சம் மண்ணெண்ணெய் சேத்து இளக்கிக்கலாம்.

செட்டு உறையிலயே போட்டிருக்கும், 20 சொட்டுக்கு 1 மில்லின்னு. அது தண்ணிக் கணக்கு. எண்ணெய்க்குப் பரப்பு இழுவிசை கம்மி, அதனால சொட்டு பாதி அளவுலயே கழண்டு விழுந்துரும். ரெண்டு செகண்டுக்கு ஒரு சொட்டு வெச்சீங்கன்னா, முக்கால் மணி நேரம் ஓட்டினாலும் முப்பத்தஞ்சு மில்லி செலவாகிறதே கஷ்டம். கூலர் பம்ப் அதை ஒரு மூச்சுல தரையில ஊத்தியிருக்கும்.

டியூப் முனையில பழைய பிரிட்ஜுல இருந்து கழட்டின செம்புக் கேப்பிலரித் துண்டு ஒண்ணைச் செருகியிருக்கேன். கையால எப்படி வளைச்சாலும் அப்படியே நிக்கும். டூல் மூக்குக்கு நேர் மேல கொண்டு போய் நிறுத்தலாம். எல்லாத்தையும் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணுல கட்டி டூலைத் தாங்கி நகர்ற கேரேஜ் மேல ஒட்டி வெச்சாச்சு. டூல் நகர நகர டிரிப்பும் கூடவே வரும். ஒரே ஒரு குறை. எண்ணெய் பட்டுப் பட்டு அந்த பிளாஸ்டிக் டியூப் விறைச்சுப் போகும், அதுல இருக்கிற இளக்கியை எண்ணெய் உறிஞ்சிடுது. விறைச்சா மாத்திட வேண்டியதுதான்.

எல்லா உலோகத்துக்கும் டிரிப் திறக்கணும்னு இல்ல. பித்தளைக்கும் வார்ப்பிரும்புக்கும் சொட்டு எண்ணெய் கூட வேண்டாம், காஞ்சபடியே வெட்டலாம். (வார்ப்பிரும்புத் தூள் எண்ணெயோட சேர்ந்தா அரைக்கிற சாந்தாயிடும், பெட்டைத் தின்னுடும்.) அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். மரை போடுறப்ப மட்டும் தேங்காய் எண்ணெய் தொட்டுக்குவேன், அருமையா வழுக்கும். நல்லெண்ணெய் வேண்டாம். நாள்பட்டா பிசினாட்டம் ஒட்டிக்கும்.

டிரிப்பு போட்டு ரொம்பப் பெருமையா இருந்தப்பத்தான் ஒரு பழைய புத்தகத்துல ஒரு விஷயம் படிச்சேன். ஜேம்ஸ் கார்டினர்னு ஒரு பாதிரியார். கொழும்புல இருந்தவர். இலங்கையைப் பத்தி 1807-ல ரெண்டு பாகமா புத்தகம் போட்டார். அதுல எதிர்க்கரையில நடந்த முத்துச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பைப் பத்தி விலாவாரியா எழுதியிருக்கார். முத்துல ஓட்டை போடுறவன் எப்படி வேலை செய்யுறான்னு கூட.

மூணு காலு வெச்ச ஒரு மரக்கட்டை. அதுல குழி குழியா இருக்கும். முத்தைக் குழியில வெச்சு இறுக்கிடுவாங்க. மேல ஊசி முனை. வலது கையால வில்லை இழுத்து இழுத்து ஊசியைச் சுத்துறது. பக்கத்துல ஒரு சிரட்டையில தண்ணி. வில்லு இழுக்கிற அதே வலது கையோட சுண்டுவிரலை அப்பப்ப சிரட்டையில முக்கி முத்து மேல ஒரு சொட்டு வைக்கிறான். வேலை நிக்கிறதே இல்ல. 

இதைப் படிச்சுட்டு என் டிரிப் செட்டைப் பாத்தேன். அந்த மனுஷன் கிட்ட உருளையும் இல்ல, டியூப்பும் இல்ல, சுண்டுவிரல்தான். எங்க ஊர்க் கரையில கடைசியா சலாபம் நடந்தது 1961-ல. சங்கும் முத்தும் எடுத்த குடும்பங்கள் இங்க ஏராளம், ஆனா ஓட்டை போட்ட கைகளைப் பத்திப் பேசுறவங்க ரொம்பக் கம்மி. முத்துங்கிறது சுண்ணாம்புச் சத்தும் ஒரு புரதமும் அடுக்கடுக்கா படிஞ்சது. சூடேறினா கெட்டுப் போகும். வெள்ளமா ஊத்தினா ஊசி எங்க இறங்குதுன்னு தெரியாது. ஒரு சொட்டுதான் சரி. இருநூறு வருஷம் முன்னாடியே முடிஞ்ச கணக்கு இது.

எண்ணெய் கதை போதும். சுருள்.

சுருளைப் பிடிக்க என்னென்னமோ செய்யுறோம். முதல்ல அது நீளமா வராம பாக்கணும். மைல்டு ஸ்டீல்ல மெல்லிசா சீவினா முழ நீளத்துக்கு வந்து, சக்குல சுத்தி, சாட்டை வீசும். கை போச்சு. ஃபீடை (ஒரு சுத்துக்கு டூல் நகர்ற தூரம்) கொஞ்சம் கூட்டினா சுருள் தடிக்கும். தடிச்சா வளைய முடியாம தானா ஒடியும். அதோட எச்.எஸ்.எஸ். டூல்ல, வெட்டுற விளிம்புக்குப் பின்னாடி, கிரைண்டர் கல்லு ஓரத்தால ஒரு சின்னப் பள்ளம் போட்டுட்டா, 6-ம் 9-மா ஒடிஞ்சு ஒடிஞ்சு விழும். நேரா கீழ விழும். பறக்காது. அந்தச் சத்தமே தனி, டிக் டிக் டிக்னு.

இதுக்கு மேலதான் தட்டு, தகடு எல்லாம்.

தட்டுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? மக்ரூன் ஊருய்யா இது! பேக்கரியில கழிச்சு விட்ட தட்டு, பழைய இரும்புக்கடையில அடுக்கி வெச்சிருப்பாங்க. ஓரம் மடிச்ச நல்ல தகடு. குட்டி லேத்துக்கு அடியில அளவெடுத்துச் செஞ்ச கணக்கா போய் உக்காந்துச்சு. ஒரு மூலையில ஓட்டை போட்டு, பாத்திரம் கழுவுற சிங்க்குக்கு மாட்டுற ஜாலியை மாட்டி, கீழ பெயிண்ட் வாளி. தட்டை அந்த மூலைக்கு லேசா சாய்ச்சு வெச்சா எண்ணெய் தானா வடியும்.

மேல சுருளை நிறுத்த மீன் வலைத் துண்டு ஒண்ணு விரிச்சுப் பாத்தேன். தூத்துக்குடிக்காரன், வலை சும்மா கெடைக்குது, வேற என்ன தோணும்? மீன் மாட்டுறதை விட நல்லா மாட்டுது சுருள். பிச்சு எடுக்கவே முடியல. கண்ணு கண்ணா இருக்கிற எதுவும் சுருளுக்கு ஆகாது, வழவழன்னு இருக்கிற தகட்டுல வட்ட ஓட்டைதான் சரி. இப்ப ஓட்டை போட்ட தானியச் சல்லடைத் தகடு கெடக்கு. தூக்கித் தட்டினா மொத்தமும் வாளிக்குள்ள போயிடும்.

அடுத்தது பெட்டை மூடுறது. சக்குக்கும் கேரேஜுக்கும் நடுவுல பெட் மேலதான் எல்லாச் சுருளும் விழும். முதல்ல ஃபிளக்ஸ் பேனர் போட்டேன். எண்ணெய் ஊறாது, துடைச்சா போச்சு. நான் வெட்டினது ஏதோ ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனர். தாய்மாமன் மூஞ்சி கரெக்டா சக்குக்குக் கீழ வந்துடுச்சு. முறுக்கு மீசை, கூலிங் கிளாஸ், தங்கச் சங்கிலி. வேலை ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல சுருள் நீலமா வர ஆரம்பிச்சுது. இரும்பு நீல நிறம் காட்டினா அது 300 டிகிரி பக்கம்னு அர்த்தம். பேனரோட பி.வி.சி. அதுல கால்வாசி சூட்டுலயே இளகிடும். மாமன் கண்ணாடியில ஓட்டை, கன்னத்துல ஓட்டை. சங்கிலி மட்டும் தப்பிச்சுது.

லாரி டியூப் ரப்பரும் துறைமுகச் சாலையில வேணும்கிற அளவு கெடைக்கும். மினரல் எண்ணெய் பட்டா அது உப்பிப் போய் அப்பளமாயிடும். வேண்டாம்.

கடைசியில நின்னது ஆஃப்செட் பிளேட். அச்சாபீஸ்ல ஒரு தடவை ஓட்டினதும் எடைக்குப் போட்டுடுவாங்க. சிவகாசி பக்கத்துல இருக்கிற புண்ணியம், கிலோ கணக்குல வாங்கலாம். அலுமினியம், தடிமன் 0.3 மில்லிமீட்டர், கத்திரிக்கோலால வெட்டலாம், துருப்பிடிக்காது, சூட்டுக்கு ஓட்டை விழாது. ஓரத்தை மட்டும் மடிச்சு அமுக்கிடுங்க, பிளேடு மாதிரி கிழிக்கும். பின்னாடிச் சுவத்துக்கு ஒண்ணு, பெட் மேல ஒண்ணு, டூல் போஸ்ட்டுக்கு முன்னால வளைச்சு ஒண்ணு. ஆஃப்செட் பிளேட்டுல எழுத்து நேராவே இருக்கும், தலைகீழா இருக்காது. அதனால வேலை பாத்துக்கிட்டே ஒரு கல்யாணப் பத்திரிகையைப் படிக்கலாம். யாரோ முகம் தெரியாத ரெண்டு பேருக்கு வைகாசியில கல்யாணம். முகூர்த்த நேரம் கூட மனப்பாடம் எனக்கு.

துணி மட்டும் சக்கு பக்கத்துல கொண்டு போகாதீங்க. திருப்பூர் பனியன் வேஸ்ட் எல்லாப் பட்டறையிலயும் மூட்டையா கெடக்கும், துடைக்க அதை விட நல்லது இல்ல. ஆனா மெஷின் நின்னப்புறம்தான். ஒரு நூலு சக்குல மாட்டினா போதும், துணியோட விரலையும் சேத்து இழுத்துரும். கையுறையும் அதே கதைதான். காத்தடிச்சு ஊதுறதும் வேண்டாம், சுருள் கேரேஜுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும்.

சுருள் இழுக்கிற கொக்கி ஒண்ணு செஞ்சேன், இதுல எனக்கு ரொம்பப் பிரியம். குடைக் கம்பி மெல்லிசு, வளையுது. சமையல் கரண்டிக் கம்பி சரியா இருந்துச்சு. பிடி பனங்கட்டையில கடைஞ்சது, கறுப்பு வைரம் பாஞ்ச கட்டை. பிடியில வளையம் வெக்கவே கூடாது. கொக்கியைச் சக்கு இழுத்தா வளையத்துல மாட்டின விரலும் போகும். நேர்ப் பிடின்னா கையை விட்டு உருவிக்கிட்டுப் போயிடும், போகட்டும். பிடிக்கு முன்னால அரைச் சிரட்டையைக் கவுத்து மாட்டியிருக்கேன், சுருள் கையில சீறாம இருக்க. பாத்தவங்க எல்லாம் அகப்பைன்னு நினைக்கிறாங்க.

காந்தம். ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள போட்டு, தட்டு மேல ஓட்டுங்க. இரும்பெல்லாம் டப்பாவுக்கு வெளிய ஒட்டும். வாளிக்கு மேல கொண்டு போய்க் காந்தத்தை மட்டும் உருவினா பொலபொலன்னு கொட்டிடும். கையே படாது. இதுல இன்னொரு லாபம், பித்தளை தனியா நின்னுடும். (316 ஸ்டெயின்லெஸ் ஒட்டாது. படகு ஷாஃப்ட் துண்டு எதையாவது கடைஞ்சிருந்தா அது பித்தளையோட சேந்துக்கும். கண்ணால பாத்துத்தான் பொறுக்கணும்.)

கேரேஜ் ரெண்டு ஓரத்துலயும் துடைப்பான் வேணும், இல்லாட்டி பொடித் தூள் உள்ள போயிடும். ஒயிட் போர்டு டஸ்டர் வாங்கி, அதுல இருக்கிற ஃபெல்ட்டைக் கீத்துக் கீத்தா வெட்டி, ஆஃப்செட் பிளேட் துண்டால அமுக்கித் திருகினேன். 68-ம் நம்பர் எண்ணெய்ல ஊற வெச்சது. இதை அப்பப்ப மண்ணெண்ணெய்ல அலசணும். அலசாம விட்டா ஃபெல்ட் முழுக்க இரும்புத்தூள் ஏறி உப்புத்தாளா மாறி, காப்பாத்த வேண்டிய பெட்டையே தேய்க்கும்.

ஷெட்டை மூடுறதுக்கு முன்னாடி பெட்டைத் துடைச்சு எண்ணெய் பூசிட்டுத்தான் போகணும், எங்க ஊர்ல இதுக்கு லீவே கிடையாது. இந்தக் கரையில மர வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசுவாங்க. துருப்பிடிச்ச கப்பல் தளத்துல மீன் எண்ணெய் சிந்தின இடத்துல துரு நின்னு போனதை ஒரு கப்பல் கேப்டன் கவனிச்சுத்தான் 1921-ல ரஸ்ட்-ஓலியம் பெயிண்ட் கம்பெனியே ஆரம்பிச்சாராம். லேத்துக்கும் வேலை செய்யும்தான். ஆனா மூணு தெருப் பூனையும் என் ஷெட்டுல குடியேறிடும், அதனால சாதா எண்ணெய்தான்.

வடிஞ்ச எண்ணெய் வாளியில தெளிஞ்சதும் துணியில வடிகட்டி மறுபடி டிரிப் பாட்டிலுக்கே போகுது. கறுத்துப் போனதை வேஸ்ட் ஆயில் வாங்குறவர்கிட்ட குடுத்துருங்க. சாக்கடையில ஊத்தினா பக்கிள் ஓடை, பக்கிள் ஓடையில இருந்து கடல். அங்கதான் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவு, பவளப்பாறை எல்லாம்.

சுருளை எடைக்குப் போடுறப்ப நல்லா வடிய விட்டுத்தான் கொண்டு போறேன். முன்னெல்லாம் இரும்புக்கடை அண்ணாச்சி, "எண்ணெய்க்குக் கழிவு"ன்னு ஒரு கை கழிப்பார். இப்ப வடிஞ்ச சுருள், பித்தளை தனி. கழிக்க ஒண்ணும் இல்லன்னு தட்டை ரெண்டு தடவை ஆட்டிப் பாத்தார். அப்புறம் சாக்குக்குக் கழிச்சார்.

இன்னும் ஒண்ணு பாக்கி கெடக்கு. சக்கு சுத்துற வேகத்துல எண்ணெய் பின்பக்கமா சிதறி, மோட்டார் பக்கம் போகுது. அதுக்குப் பாத்திரக்கடையில ஒரு பெரிய அலுமினிய மூடி பாத்து வெச்சிருக்கேன், நடுவுல ஓட்டை போட்டுச் சக்குக்குப் பின்னாடி மாட்டிடலாம்னு. கடைக்காரர் மூடி மட்டும் தர மாட்டேங்கிறார். பானையோடதான் வாங்கணுமாம்.